கறிக்குழம்பில் என்ன ஊற்றினோம் என்று சொல்லிவிட்டுப் பரிமாறுவோம்

1/
பொங்கல் லீவின் கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூணு மணி இருக்கும். விழுப்புரம் மாவட்டத்தில் நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனையில் கேஷுவாலிட்டி டியூட்டி. பண்டிகை நாள் மதியம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பைக்கில் விழுந்தவர், மாடு முட்டியவர், குடித்துவிட்டு வாந்தி எடுப்பவர் என்று வரிசையாக வருவார்கள்.

அன்று ஷேர் ஆட்டோவில் ஒருவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டு வந்தார்கள். வயது நாற்பதை ஒட்டி. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் சிவந்து கிடக்குது. வேர்த்துக் கொட்டுது. நாடித்துடிப்பு 120-க்கு மேல். பிபி 100/60. ரெண்டு தடவை வாந்தி. "நெஞ்சு படபடன்னு அடிக்குது, தல வெடிக்குது சார்" என்கிறார்.

கூட வந்த மனைவி அழுதுகொண்டே சொன்னார்: "பதினோரு மாசமா குடிக்கல சார். மாத்திரை சாப்பிட்டுக்கினு இருக்காரு. இன்னிக்கு எங்கயோ போயி குடிச்சிட்டு வந்துட்டாரு சார்."

அவர் மகள் தலையில் கை வைக்கப் போனார். "சத்தியமா குடிக்கல டாக்டர்."

"புள்ள மேல சத்தியம் பண்ணாத!" என்று மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

3/
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அவரை நம்பவில்லை.

அவர் சாப்பிட்டுக் கொண்டிருந்தது டைசல்ஃபிராம் 250 மில்லிகிராம். குடியை நிறுத்தியவர்களுக்கு மனநல மருத்துவர்கள் கொடுக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடுபவர் உடம்பில் மது சேர்ந்தால் என்ன நடக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்தது அப்படியே என் கண் முன்னால் படுத்திருந்தது. வேறு என்ன முடிவுக்கு வர? கேஸ் ஷீட்டில் "மது அருந்தியதாகத் தெரிகிறது" என்று எழுதிவிட்டேன்.

4/
இந்த எதிர்வினைக்குத் தனி மாற்று மருந்து கிடையாது. படுக்க வைத்தோம், ஆக்சிஜன், சலைன், இசிஜி, ஒரு மணிக்கொரு தரம் பிபி. இசிஜி நன்றாக இருந்தது. சாயங்காலத்துக்குள் சிவப்பு இறங்க ஆரம்பித்தது.

ஆறு மணி சுமாருக்கு மனைவியின் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெங்களூரில் ஒரு ஓட்டல் கிச்சனில் வேலை செய்கிறவர். லீவுக்குத் திண்டிவனம் வந்தவர். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார்... மாமா குடிக்கல சார். நான்தான் கறியில பீர் ஊத்திட்டேன்."

5/
நடந்தது இதுதான். பெங்களூர் கிச்சனில் கருப்பு பீர் ஊற்றிச் செய்யும் கறி ஸ்டியூ கற்றுக்கொண்டிருக்கிறார். அக்கா குடும்பம் விருந்துக்கு வருகிறது, அசத்தலாம் என்று பாண்டியிலிருந்து இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு கிலோ ஆட்டுக்கறியில் ஒரு பாட்டிலை ஊற்றிக் குக்கரில் அரை மணி நேரம் வேகவிட்டார். இறக்குவதற்கு முன்னால் "வாசனைக்கு" இன்னொரு அரை பாட்டில்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா திட்டுவாங்க. பாட்டிலைப் பழைய பேப்பரில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் போட்டாச்சு. மாமா ரசித்துச் சாப்பிட்டு ரெண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கினாராம்.

"கொதிச்சா எல்லாம் ஆவியாப் போயிடும்னு செஃப் சொன்னாரு சார்."

6/
இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்காகத்தான். "கொதிச்சா எல்லாம் ஆவியாப் போயிடும்." படித்தவர்களும் இதையே நம்புகிறார்கள். என் கூடப் படித்த டாக்டர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அறிவியல் போல இருக்கும் காரணம் இது: எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். ஆகவே தண்ணீர் கொதிப்பதற்கு முன்னாலேயே எத்தனால் முழுக்கப் போய்விடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தண்ணீரோடு கலந்த எத்தனால் அப்படித் தனியாக எழுந்து போவதில்லை. இரண்டும் சேர்ந்தே ஆவியாகின்றன. குழம்பில் தண்ணீர் இருக்கும்வரை கொஞ்சம் மதுவும் இருக்கும்.

7/
அமெரிக்க வேளாண்மைத் துறை இதற்கு ஒரு அட்டவணையே வைத்திருக்கிறது. குழம்பு மாதிரி கலவையில் மதுவைச் சேர்த்து மெல்லக் கொதிக்கவிட்டால் எவ்வளவு மிஞ்சும்:

15 நிமிஷம்: 40 சதவீதம்
30 நிமிஷம்: 35 சதவீதம்
1 மணி நேரம்: 25 சதவீதம்
ஒன்றரை மணி: 20 சதவீதம்
2 மணி: 10 சதவீதம்
இரண்டரை மணி: 5 சதவீதம்

யூடியூபில் தீ பற்ற வைத்துக் காட்டுவார்களே, அதில் 75 சதவீதம் அப்படியே இருக்கும். இரண்டரை மணி கொதித்தும் பூஜ்யம் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். பாத்திரத்தின் அகலம், மூடி, தீ இதையெல்லாம் பொறுத்துக் கணக்கு மாறும். மூடி போட்டால் ஆவி மேலே பட்டு மறுபடி உள்ளேயே சொட்டும்.

8/
அன்று அந்த வீட்டுக் குழம்பைத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்றால் அதில் சுமார் 41 கிராம் எத்தனால். முதல் பாட்டிலில் மிஞ்சியது 14 கிராம் போல. கடைசியில் ஊற்றிய அரை பாட்டிலில் குறைந்தது இன்னொரு 8 கிராம். மொத்தம் குறைந்தது 22. ஐந்து பேர் சாப்பிட்டார்கள். இவர் இரண்டு தடவை வாங்கினார். இவர் பங்குக்குக் குறைந்தது 7, 8 கிராம் போயிருக்கலாம். அதாவது 120 மில்லி பீர். ஒரு டம்ளர்.

மற்ற நாலு பேருக்கும் ஒண்ணும் ஆகவில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்த அளவு தெரியக்கூடத் தெரியாது. இவருக்கு மட்டும் ஆஸ்பத்திரி.

9/
ஏன் இவருக்கு மட்டும்?

நாம் குடிக்கும் எத்தனாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றும். இது நஞ்சு. அடுத்த படியில் ஒரு நொதி இதை உடனே அசிட்டேட்டாக மாற்றிச் சாதுவாக்கிவிடும். டைசல்ஃபிராம் அந்த இரண்டாவது நொதியை அடைத்துவிடுகிறது. அசிட்டால்டிஹைடு ரத்தத்தில் தேங்கும். பத்து நிமிஷம் முதல் அரை மணிக்குள் முகம் சிவக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும், பிபி இறங்கும். இதய நோய் உள்ளவர் என்றால் உயிருக்கே ஆபத்து.

மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கலாம்.

10/
இந்த மாத்திரையின் கதையும் சுவாரசியமானது. 1937-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர், ரப்பர் தயாரிப்புக்கான இந்த வகை ரசாயனங்களோடு வேலை செய்த தொழிலாளிகளுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போனதைக் கவனித்து எழுதினார். பத்து வருஷம் கழித்து டென்மார்க்கில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்து, தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மது குடித்தபோதுதான் இதன் வேலை புரிந்தது. 1948-ல் வெளியிட்டார்கள்.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் சாஸ், வினிகர், இருமல் டானிக் என்று மது ஒளிந்திருக்கும் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும் என்பது அப்போதிலிருந்து சொல்லப்படும் எச்சரிக்கை. பீர் ஊற்றிய கறிக்குழம்பும் அதில் சேர்த்தி.

11/
சரி, பீர் ஊற்றிக் கறி சமைப்பது தப்பா? தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கம் மாட்டுக்கறியையும் நிறைய வெங்காயத்தையும் பீரில் மணிக்கணக்கில் வேகவைக்கும் "கார்போனாடு" அவர்கள் பாட்டி காலத்துச் சமையல். அயர்லாந்தில் ஸ்டவுட் என்ற கருப்பு பீரில் செய்வார்கள். டப்ளினில் கின்னஸ் ஆலை 1759-லிருந்து இருக்கிறது. வறுத்த பார்லிதான் அந்தக் கருப்புக்கும் காபி மாதிரிக் கசப்புக்கும் காரணம். கெட்டியான தொடைக்கறி மெல்லிய தீயில் இரண்டு மூணு மணி நேரம் கிடக்கும்போது எலும்பை ஒட்டிய சவ்வு கரைந்து குழம்பு தானாகக் கெட்டியாகும். நல்ல சாப்பாடுதான்.

12/
ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊர்களில் உணவகப் பட்டியலிலேயே "பீஃப் அண்ட் கின்னஸ் ஸ்டியூ" என்று மதுவின் பெயரைச் சேர்த்து எழுதுகிறார்கள். ஒயினில் வேகும் கோழிக்கு பிரெஞ்சில் பெயரே "ஒயினில் சேவல்". சாப்பிட வருகிறவருக்குத் தட்டில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும். வேண்டாதவர் வேறொன்றைக் கேட்டுக்கொள்வார்.

நாம் செய்முறையை மட்டும் இறக்குமதி செய்தோம். பெயரை விட்டுவிட்டோம். பாட்டிலைப் பேப்பரில் சுற்றி மறைக்கிறோம். என் கோபமெல்லாம் அந்தப் பேப்பர் மேலேதான்.

13/
"இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை பெரிய பதிவா டாக்டர்?" என்று கேட்பீர்கள். குழம்பில் ஒளிந்திருக்கும் மதுவால் யாருக்கெல்லாம் தொந்தரவு என்று பாருங்கள்.

டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர்கள்.
குடியை நிறுத்தியவர்கள் எல்லோரும், மாத்திரை சாப்பிடாவிட்டாலும். அந்த வாசனையும் கசப்பும் நாக்கில் பட்டாலே பழைய ஆசை கிளம்பலாம்.
ஈரல் சுருக்க நோய் உள்ளவர்கள்.
கர்ப்பிணிகள், குழந்தைகள்.
மதத்தின்படியோ மனசாட்சியின்படியோ மதுவைத் தொடாதவர்கள். அவர்கள் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனால் நம்பி நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

உங்கள் வீட்டு விருந்துக்கு வரும் பத்துப் பேரில் இவர்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார் என்று சொல்ல முடியுமா? குடியை நிறுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிவார்?

14/
இப்போது மறுபக்கம் வருகிறேன். இது சிலருக்கு வலிக்கலாம்.

ஓபியில் வாரத்துக்கு ஒரு பெண்மணியாவது என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அவருக்குத் தெரியாம குழம்புல கலந்து குடுக்கற மாதிரி ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க சார். குடிய மறந்துடுவாராமே."

பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் பார்த்திருப்பீர்கள். "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்." அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று பாக்கெட்டில் ஒழுங்காக எழுதியிருக்காது.

15/
அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அடி வாங்கியவர், தாலியை அடகு வைத்தவர், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் டாஸ்மாக்கில் போனதைப் பார்த்தவர். எதையாவது செய்து இதை நிறுத்தணும் என்று நினைக்கிறார். எனக்குப் புரிகிறது.

ஆனாலும் எழுதிக் கொடுக்க மாட்டேன். டைசல்ஃபிராம் கொடுக்கும்போது நோயாளிக்கு முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஈரல், இதயம் இரண்டையும் பார்த்திருக்க வேண்டும், இந்த மாத்திரையே சிலருக்கு ஈரலைக் கெடுக்கும். தெரியாமல் காலையில் சாம்பாரில் கலந்தீர்கள், அவர் மதியம் ஒரு குவார்ட்டர் போட்டார் என்றால், ராத்திரி நீங்கள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருப்பீர்கள். குடியை நிறுத்தப் போய் ஆளையே இழந்துவிடக் கூடாது.

16/
மச்சினன் குழம்பில் பீரை ஒளித்தார். மனைவிமார்கள் குழம்பில் மாத்திரையை ஒளிக்கப் பார்க்கிறார்கள். ஒருவர் ஆசையில், ஒருவர் வேதனையில். இரண்டு இடத்திலும் சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. இரண்டும் என் கேஷுவாலிட்டியில்தான் வந்து முடிகிறது.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். ஒருவர் தட்டில் அவருக்குத் தெரியாமல் எதையும் போடாதீர்கள். ஆசையில் செய்தாலும் சரி, அக்கறையில் செய்தாலும் சரி.

17/
நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் என்ன நடந்தது என்று பார்த்தோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கள்ளக்குறிச்சி 2019 வரை நம்ம விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. குடித்தவர்கள் சாராயம் என்று நினைத்தார்கள். உள்ளே இருந்தது மெத்தனால்.

பீரையும் அதையும் ஒன்றாக்கவில்லை. மெத்தனால் கொஞ்சம் போனாலே கண்ணையும் உயிரையும் எடுக்கும் வேறு பொருள். ஆனால் உள்ளே போவது என்னவென்று தெரியாமல் விழுங்கியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்த மண் இது. "என்ன கலந்திருக்கு?" என்று கேட்பதை இங்கே யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

18/
கறிக்கு வருவோம். கருப்பு பீர் தரும் ருசியை பீர் இல்லாமல் கொண்டுவர முடியுமா? கிட்டத்தட்ட முடியும். லீவு நாளில் செய்து பார்த்திருக்கிறேன்.

பீரில் இருக்கும் மால்ட் என்பது என்ன? முளைகட்டிக் காயவைத்த பார்லி. நம் வீட்டில் முளைகட்டிய கேழ்வரகு மாவு இருக்கிறது. வறுத்த பார்லியின் கசப்புக்கு காபி டிகாஷன். பீரின் லேசான புளிப்புக்குப் புளி. இனிப்புக்குக் கருப்பட்டி. அவ்வளவுதான்.

19/
செய்முறை:

ஆட்டுத் தொடைக்கறி எலும்போடு 1 கிலோ, நல்லி எலும்பு ரெண்டு. அடி கனமான பாத்திரத்தில் நல்லெண்ணெய் விட்டுக் கறியைச் சிவக்க வதக்கித் தனியே எடுங்க. அதே எண்ணெயில் கால் கிலோ சின்ன வெங்காயம், இருபது நிமிஷம், பொறுமையாக, பழுப்பாகும்வரை. இந்த இடத்தில் அவசரப்பட்டால் எல்லாம் போச்சு. இஞ்சி பூண்டு, தக்காளி ரெண்டு. வறுத்து அரைத்த மல்லி 4 ஸ்பூன், மிளகு 2 ஸ்பூன், சீரகம் 1 ஸ்பூன், காய்ந்த மிளகாய் ஆறு.

கறியைத் திரும்பப் போட்டு, பால் கலக்காத டிகாஷன் அரை டம்ளர், நெல்லிக்காய் அளவு புளிக்கரைசல், சின்னத் துண்டு கருப்பட்டி, மூழ்கும் அளவு வெந்நீர். உப்பு. சிம்மில் ரெண்டு மணி நேரம். கடைசியில் வறுத்த கேழ்வரகு மாவு 2 ஸ்பூனைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பத்து நிமிஷம்.

கேழ்வரகுக் களி உருண்டையை இதில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்க. அயர்லாந்து நம்ம வீட்டுக்கு வரும்.

20/
"இல்ல டாக்டர், பீர் ஊற்றித்தான் செய்வேன்" என்கிறவர்களுக்கு மூணு விஷயம்.

ஒன்று, வெங்காயம் வதங்கியதும் ஆரம்பத்திலேயே ஊற்றுங்கள். அகலமான பாத்திரம், மூடி இல்லாமல், இரண்டரை மணி நேரம். கடைசியில் "வாசனைக்கு" ஊற்றவே ஊற்றாதீர்கள்.
இரண்டு, குழந்தைகளுக்கும் வேண்டாதவர்களுக்கும் முதலிலேயே தனிப் பாத்திரத்தில் செய்துவிடுங்கள்.
மூன்று, பரிமாறும் முன் சத்தமாகச் சொல்லுங்கள்: "இதுல பீர் ஊத்தியிருக்கு. வேணாம்னா அந்தப் பாத்திரத்துல இருக்கு." ஏன் வேண்டாம் என்று யாரையும் கேட்காதீர்கள்.

ஆல்கஹால் இல்லாத பீர் பரவாயில்லையா என்றால், சிலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கும். குடியை நிறுத்தியவருக்கு அதுவும் வேண்டாம்.

21/
மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு: விருந்து வீட்டில் "இதுல ஒயின், பீர் எதாவது ஊத்தியிருக்கா?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்க முடியாத இடமென்றால் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுங்கள். முகம் சிவந்து நெஞ்சு படபடத்தால் உடனே 108. "நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன்" என்று ஆம்புலன்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் குடிப்பவர் இருந்தால் ஒளித்துக் கொடுக்க மருந்து தேடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மனநல மருத்துவர் இருக்கிறார், பணம் கிடையாது. 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம். 104-லும் கேட்கலாம். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது முதலில் வந்து பேசுங்கள்.

22/
அன்று ராத்திரி கேஸ் ஷீட்டில் நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, "மது சேர்த்துச் சமைத்த உணவை அறியாமல் உட்கொண்டதால் ஏற்பட்ட எதிர்வினை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டிலுக்குப் போய் "நானும் தப்பா நினைச்சிட்டேன்" என்று சொன்னேன். மச்சினன் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மனைவி பேசவே இல்லை. பிளாஸ்க்கில் இருந்த கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார்.

காலையில் டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர் சொன்னார்: "வாந்தி, படபடப்பு எல்லாம் தாங்கிக்கினேன் சார். ஆனா அந்த மூணு மணி நேரம் எம் பொண்ணு என்னப் பாத்துச்சே... அதான் சார் முடியல."

பதினோரு மாசம் கஷ்டப்பட்டுச் சேர்த்த நம்பிக்கை. ஒன்றரை பாட்டில் பீரில் போகப் பார்த்தது. "மாமா, இதுல பீர் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அவர் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறார். குடிக்கவில்லை.

விருந்து வைக்கிற சொந்தக்காரர் யாருக்காவது இதை அனுப்புங்கள்.